பனிக்காலத்து ஓட்டம் நமக்கு எதற்கு?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் களப்பொறுப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கி இணைப்புக் கடன் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நோட்டும் பேனாவும் எடுத்து வைத்திருக்கிறதைப் பார்த்தாலே தெரியுது. அது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. இப்போது நான் பேசப் போவது ஓட்டத்தைப் பற்றி. ஆமாம், காலால் ஓடுகிற ஓட்டம்தான். பஸ் பிடிக்க ஓடுவதும், தவணை கட்ட ஓடுவதும் நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் சொல்வது வெளுப்பாங்காலத்தில், அதுவும் மார்கழிப் பனியில், பத்துப் பெண்கள் சேர்ந்து ஓடுகிற ஓட்டம்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. பின்வரிசையில் ஒரு மைனி, "இந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்று பக்கத்தில் கேட்பதும் காதில் விழுது. முழுவதும் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்க.

போன ஜனவரியில் பட்டறிவுப் பயணமாக நீலகிரிக்குப் போயிருந்தோம். அங்குள்ள குழுக்கள் தேயிலை, காய்கறி எல்லாம் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் போனது. ஊட்டியில் தங்கின மறுநாள் காலை ஆறு மணிக்கு வெளியே வந்தால், புல் முழுக்க கல்லுப்பை வாரி இறைத்தது போல வெள்ளையாகக் கிடக்கிறது. தொட்டுப் பார்த்தால் ஐஸ். அதை அங்கே உறைபனி என்கிறார்கள். நம்ம ஊர்ப் பனி புல்லில் தண்ணீராக நிற்கும், வெயில் வந்தால் போகும். ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேகம் இல்லாமல், காற்றும் இல்லாமல் இருக்கிற இரவில் தரையின் சூடு முழுக்க மேலே போய்விடும். தரை பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனதும் அதே பனி உறைந்து போகும். தலைகுந்தா, காந்தல் பக்கமெல்லாம் டிசம்பர், ஜனவரியில் இது சாதாரணம். தேயிலைக் கொழுந்து அதில் கருகிப் போகும். தோட்டக்காரர்களுக்குப் பெரிய நஷ்டம்.

அந்தக் குளிரில் ஒரு மைதானத்தில் பத்துப் பதினைந்து பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் பெண்பிள்ளைகள். குல்லா, கையுறை, காது மூடின துணி. வாயிலிருந்து புகை மாதிரி மூச்சு வருது. நாங்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேடிக்கை பார்த்தோம். அவர்கள் வந்தவுடனே ஓடவில்லை. முதலில் பத்து நிமிஷம் நடந்தார்கள், அப்புறம் மெதுவாக ஓடினார்கள், உடம்பு சூடான பிறகுதான் வேகம் எடுத்தார்கள். மேல் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டதும் அதற்குப் பிறகுதான்.

நான் கவனித்த இன்னொரு விஷயம், வேகமாகப் போகிறவர்கள் ஒரு தூரம் போனதும் திரும்பி வந்தார்கள். கடைசியில் வருகிற பிள்ளை வரைக்கும் வந்து, அவளைச் சேர்த்துக்கொண்டு மறுபடி முன்னே போனார்கள். திரும்பத் திரும்ப இதைத்தான் செய்தார்கள். வேகமானவர்களுக்குக் கூடுதல் தூரம் கிடைக்கும், மெதுவானவள் தனியாக விடப்பட மாட்டாள். பயிற்சியாளர் சொன்னார், பல ஊர்களில் ஓட்டக் குழுக்கள் இப்படித்தான் பழகுகின்றன என்று. எனக்கு நம்ம உள்கடன் ஞாபகம் வந்தது. ஒருத்தி தவணைக்குத் தடுமாறினால் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறோம் இல்லையா?

எதற்காக இவர்கள் குளிரத் தேடி மலை ஏறுகிறார்கள்? உண்மையில் குளிருக்காக இல்லை, ரத்தத்துக்காக. அந்த உயரத்தில் காற்று லேசாக இருக்கும். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கிற ஆக்சிஜன் நம்ம கடற்கரையில் கிடைப்பதை விட நாலில் ஒரு பங்கு போலக் குறைவு. மூன்று நாலு வாரம் அங்கேயே இருந்தால் உடம்பு அதைச் சமாளிக்க சிவப்பு அணுக்களைக் கூடுதலாக உண்டாக்கும். கீழே இறங்கிப் போட்டியில் ஓடும்போது அது கைகொடுக்கும். 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு முந்திய வருடங்களில் நம் நாட்டு நெடுந்தூர ஓட்டப் பெண்கள் பலருக்கு ஊட்டியில்தான் முகாம். வயநாட்டைச் சேர்ந்த ஓ.பி. ஜெய்ஷா, மகாராஷ்டிரத்தின் லலிதா பாபர் எல்லாம் அதில் பயிற்சி எடுத்தவர்கள். லலிதா வறட்சிக்குப் பேர்போன சாத்தாரா மாவட்டம் மாண் தாலுகாவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ரியோவில் தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடுகிற 3,000 மீட்டர் பந்தயத்தில் இறுதிச் சுற்றுக்குப் போனார். 1984-ல் பி.டி. உஷாவுக்குப் பிறகு ஒலிம்பிக்கில் தனிநபர் ஓட்டப் பந்தயத்தின் இறுதிச் சுற்றில் ஓடிய முதல் இந்தியப் பெண் அவர்தான்.

(அதே மாண் தாலுகாவில்தான் கிராமத்துப் பெண்களே சேர்ந்து 1997-ல் தொடங்கிய மாண் தேசி மகளிர் கூட்டுறவு வங்கியும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், கைநாட்டு வைக்கிறவர்கள் என்று சொல்லி ரிசர்வ் வங்கி முதலில் உரிமம் தர மறுத்தது. அந்தப் பெண்கள் சும்மா இருந்தார்களா? எழுத்துப் படித்துக்கொண்டு மறுபடி போனார்கள், வட்டிக் கணக்கை எங்களிடம் கேளுங்கள் என்றார்கள். அந்தக் கதையை இன்னொரு கூட்டத்தில் விரிவாகச் சொல்கிறேன்.)

ஓட்டக்காரப் பிள்ளைகள் இருக்கிற ரத்தத்தைக் கூட்டுவதற்கு மலை ஏறுகிறார்கள். நமக்கோ இருக்க வேண்டிய ரத்தமே இல்லை. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இந்த மண்டபத்தில் நூறு பேர் இருந்தால் 53 பேர். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, மதியத்தில் தலை கிறங்குவது, "வயசாகுது, அதான்" என்று விட்டுவிடுகிறது எல்லாம் பல நேரம் இதுதான். அதே கணக்கெடுப்பில், சர்க்கரை கூடியோ அதற்கு மாத்திரை எடுத்தோ இருக்கிற பெண்கள் நம் மாநிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். நாடு முழுவதற்கும் இது நூற்றுக்கு பதிமூன்று, பதினாலுதான். நாம் இதில் முன்னால் நிற்கிறோம், பெருமைப்பட ஒன்றும் இல்லை.

கணக்கெடுப்பு எல்லாம் வேண்டாம் என்றால் உங்கள் குழுவின் கடன் பதிவேட்டை எடுத்துப் பாருங்க. கடன் நோக்கம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஆடு, தையல் மெஷின், பெட்டிக்கடை என்று எத்தனை, மருத்துவம் என்று எத்தனை என்று எண்ணிப் பாருங்க. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த இரண்டு எண்ணையும் எழுதிக்கொண்டு வாங்க. நான் பார்த்த பதிவேடுகளில் கால் புண்ணுக்கு, சர்க்கரைக்கு, பிரஷருக்கு என்று போன கடனே பக்கம் பக்கமாக இருக்கிறது. நாம் பத்து ரூபாய், இருபது ரூபாயாகச் சேர்த்த பணம் அது.

சரி, ஊட்டியிலிருந்து கருங்கல்லுக்கு இறங்குவோம். நம்ம ஊரில் உறைபனி கிடையாது. மார்கழியிலும் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். கரோல் பாட்டுக்காரர்கள் ராத்திரி ஒரு மணி வரை வீடு வீடாகப் போகிறார்கள், யாரும் குளிரில் செத்துப் போகவில்லை. பெண்களும் பனிக்குப் பயந்தவர்கள் இல்லை. அண்டி ஆபீசுக்குப் போகிற அக்காமார் எத்தனை மணிக்கு எழும்புகிறீங்க? நாலு, நாலரை. சோறு வடித்து, கறி வைத்து, பிள்ளைகளுக்குப் பாத்திரத்தில் அடைத்து, இருட்டோடு ரோட்டில் நடக்கிறீங்க. ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போகிறார்கள். கடற்கரையில் மீன் எடுக்கப் போகிற அம்மாமார் முதல் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். இவர்களை யாராவது "இந்தப் பனியில எங்க போற?" என்று கேட்டதுண்டா? கேட்க மாட்டார்கள். வேலைக்குப் போனால் பனி கிடையாது, இருட்டு கிடையாது. தன் உடம்புக்காக ஒரு மணி நேரம் அதே ரோட்டில் இறங்கினால்தான் பனியும் இருட்டும் வரும். "இதுகளுக்கு வேற சோலி இல்லியா?" என்ற கேள்வியும் வரும்.

இது நம்ம ஊர்க் கேள்வி மட்டும் இல்லை. 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதல்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். இறுதிப் போட்டியில் ஓடியவர்கள் எல்லோரும் முடித்தார்கள். ஆனால் பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. இவர்கள் உடம்பு தாங்காது என்று முடிவு கட்டி அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். மறுபடி கொடுத்தது 1960-ல். 32 வருஷம்.

அடுத்தது அமெரிக்காவில் கேத்ரின் ஸ்விட்சர் என்ற பெண்ணின் கதை. இது முழுக்கப் பனிக்காலத்தில் நடந்தது. சிரக்யூஸ் என்ற ஊரில் படித்துக்கொண்டிருந்தார். பனி கொட்டுகிற ஊர். கல்லூரியில் பெண்களுக்கு ஓட்டக் குழு இல்லை, அதனால் ஆண்பிள்ளைகளோடு சேர்ந்து ஓடினார். அவருக்குத் துணையாக ஓடியவர் ஆர்னி பிரிக்ஸ், தபால்காரர், பாஸ்டன் மாரத்தான் பல தடவை ஓடியவர். மாரத்தான் என்றால் 42 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, நம்ம கருங்கல்லில் இருந்து கன்னியாகுமரி போகிற தூரம் என்று ஏறக்குறைய வைத்துக்கொள்ளுங்க. பெண்ணால் அது முடியாது என்று அவரே சொன்னார். பயிற்சியில் ஓடிக்காட்டு, நானே உன்னைக் கூட்டிப் போகிறேன் என்றார். பனியிலும் இருட்டிலும் குளிர்காலம் முழுக்க ஓடி, கடைசியில் மாரத்தானை விடக் கூடுதல் தூரத்தையே ஓடிக்காட்டினார் கேத்ரின்.

1967 ஏப்ரலில் பாஸ்டனில் போட்டி. பெயரை கே.வி. ஸ்விட்சர் என்று மட்டும் எழுதிப் பதிந்திருந்தார். அன்றைக்கும் குளிர், பனிமழை. எல்லோரும் கனத்த உடுப்பில் இருந்ததால் பெண் என்று முதலில் தெரியவில்லை. சில கிலோமீட்டர் போன பிறகு போட்டி நடத்தும் ஒருவர் பின்னால் ஓடிவந்து, நெஞ்சில் குத்தியிருந்த எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். கூட ஓடிய நண்பர்தான் அவரை இடித்துத் தள்ளினார். கேத்ரின் அழுதுகொண்டோ கோபத்திலோ நின்றுவிடவில்லை, ஓடி முடித்தார். பாஸ்டனில் பெண்களை முறையாகச் சேர்த்தது 1972-ல், ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984-ல். கேத்ரின் தன் எழுபதாவது வயதில், 2017-ல், அதே 261 என்ற எண்ணைக் குத்திக்கொண்டு மறுபடி பாஸ்டனில் ஓடினார்.

அவர் அன்று தனியாக ஓடியிருந்தால் அந்த எண் நெஞ்சில் இருந்திருக்குமா என்று நினைத்துப் பாருங்க. பக்கத்தில் மூன்று பேர் இருந்தார்கள். நமக்கும் இது தெரிந்த விஷயம்தான். 1989-ல் தருமபுரியில் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கி, பிறகு நம்ம மாவட்டத்துக்கும் வந்த காலத்தில், ஒரு பெண் தனியாக வங்கிக்குப் போனால் "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்பார்கள். ஐந்து பேர் சேர்ந்து போனபோது நாற்காலி போட்டார்கள். விடியக்காலத்து ரோட்டிலும் அப்படித்தான். தனியாக ஒருத்தி ஓடினால் நூறு கண். பன்னிரண்டு பேர் ஓடினால் இரண்டு நாள் வேடிக்கை, மூன்றாம் நாள் பழகிப்போகும்.

இன்னொரு ஓட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், உங்களில் சிலர் செல்போனில் பார்த்திருப்பீர்கள். மகாராஷ்டிரத்தில் பாராமதியில் லதா கரே என்ற அறுபது தாண்டிய கூலித் தொழிலாளி. கணவருக்கு ஸ்கேன் எடுக்கப் பணம் இல்லை. 2013-ல் அங்கே நடந்த மூத்தோர் ஓட்டத்தில் பரிசுப் பணத்துக்காக ஒன்பது கஜம் சேலையோடு, வெறும் காலில் 3 கிலோமீட்டர் ஓடி முதலில் வந்தார். பிறகு அவரைப் பற்றிப் படம் வந்தது, அவரே நடித்தார். எல்லோரும் கைதட்டுகிறார்கள். அவருடைய கால் பெரிய கால், சந்தேகமே இல்லை. ஆனால் எனக்குக் கைதட்ட மனசு வரவில்லை. ஸ்கேன் எடுக்க ஒரு கிழவி வெறும் காலில் ஓட வேண்டியிருந்தது என்றால் அது வெட்கப்பட வேண்டிய விஷயம். வீட்டில் நோய் முற்றின பிறகு பணத்துக்காக ஓடுகிற ஓட்டம் வேண்டாம். அதற்கு முன்னால் ஓடுவோம் என்றுதான் நான் உங்களைக் கேட்கிறேன்.

போன மார்கழியில் நான் பார்க்கிற குழுக்களில் ஒன்று இதைத் தொடங்கியது. பெயர் சொல்ல வேண்டாம் என்றார்கள். ஒன்பது பேர் வந்தார்கள். மூன்றாவது வாரம் நாலு பேர். பனி காரணமா என்று கேட்டேன். "பனியா? வீட்டுல சாயா யாரு போடுவா?" என்றார் ஒரு அக்கா. அவருடைய மாப்பிள்ளைக்கு ஐந்தே முக்காலுக்குக் கட்டன்சாயா வேண்டும். குழுக்கூட்டத்தில் இதைப் பேசினார்கள். வீட்டுக்குப் போய்ச் சண்டை போடு என்று யாரும் சொல்லவில்லை. காலை ஓட்டம் வாரத்தில் நாலு நாள், ஐந்தரை முதல் ஆறேகால் வரை என்று தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். "குழுத் தீர்மானம், போகலேன்னா அபராதம்" என்று அந்த அக்கா வீட்டில் சொன்னார். பிளாஸ்க் ஒன்று வாங்கி முந்தியே போட்டு வைத்தார். ஒரு வாரம் கழித்து அவர் மாப்பிள்ளையே அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டார் என்று கேள்வி. எல்லா வீட்டிலும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒரு வீட்டில் நடக்கவில்லை, அந்தத் தங்கச்சி இன்னும் வருவதில்லை. அவளுக்காகச் சாயங்காலம் ஒரு நேரம் வைக்கலாமா என்று குழு யோசித்துக்கொண்டிருக்கிறது.

செய்ய வேண்டியதை இனிச் சொல்கிறேன், இதைக் கவனமாகக் கேளுங்க.

ஓடுவதற்கு முன்னால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம், சர்க்கரை, பிரஷர் மூன்றும் பாருங்க. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை. ரொம்பக் குறைவாக இருந்தால் முதலில் ரத்தத்தைக் கூட்டுங்க, ஓட்டம் அப்புறம். இரும்புச்சத்து மாத்திரையைச் சாயாவோடு சேர்த்து விழுங்காதீங்க, சாயா அந்தச் சத்தை உடம்பில் சேர விடாது. மாத்திரைக்கும் சாயாவுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்க. எலுமிச்சை, நெல்லிக்காய் கூட இருந்தால் நல்லது. முருங்கைக்கீரை நம்ம வேலியில் நிற்கிறது. "மக்களைத் தேடி மருத்துவம்" 2021-ல் தொடங்கினபோது வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகத் தன்னார்வலர்களாக எடுத்ததும் நம்மைப் போன்ற குழுப் பெண்களைத்தான். உங்கள் பகுதித் தன்னார்வலரிடம் கேட்டால் சொல்வார்.

குளிர்ந்த காற்றில் ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் கூடும். அதனால் இதயநோய், பிரஷர் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஓட வேண்டாம், நடக்கலாமா என்பதையும் அவரிடமே கேளுங்க. ஆஸ்துமா உள்ளவர்கள் துவர்த்தை மூக்கு வாயோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மூக்கால் மூச்சு விடுங்க, இன்ஹேலரை மறக்காதீங்க. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் கிளம்புவது பற்றி நர்சிடம் கேளுங்க, இடுப்பில் இரண்டு மிட்டாய் முடிந்து வையுங்க. கை நடுங்கி வியர்த்தால் உடனே வாயில் போட வேண்டும். வெறும் காலில் ஓடவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்க, ஒரு சின்னக் கல் குத்தினதும் சர்க்கரைக்காரிக்குத் தெரியாது.

ஊட்டிப் பிள்ளைகள் செய்தது போல முதல் பத்து நிமிஷம் நடை. அப்புறம் ஒரு போஸ்டிலிருந்து அடுத்த போஸ்ட் வரை மெல்ல ஓட்டம், அடுத்த போஸ்ட் வரை நடை. பக்கத்தில் வருபவளோடு பேச முடிகிற வேகம் போதும். பேச்சு முட்டினால் வேகத்தைக் குறையுங்க. வாரத்துக்கு 150 நிமிஷம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிற குறைந்த அளவு. நாலு நாளைக்குப் பிரித்தால் ஒரு நாளுக்கு நாற்பது நிமிஷம்கூட வராது. சேலையோ சுடிதாரோ உங்கள் இஷ்டம், நைட்டி மட்டும் கால் தடுக்கும். நனைந்த உடுப்போடு பனியில் நின்று கதை பேசாதீங்க, தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போங்க.

ரோடு பற்றி ஒரு வார்த்தை. கல்லும் மண்ணும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகிற லாரிகள் இருட்டில் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். மார்த்தாண்டம் ரோடு, குளச்சல் ரோடு, திங்கள்நகர் ரோடு இதில் எதிலும் வேண்டாம். ஊருக்குள்ளே இருக்கிற உள்ரோடு, பள்ளிக்கூட மைதானம் பாருங்க, தலைமை ஆசிரியரிடம் கூட்டமைப்பு சார்பில் நானே கடிதம் தருகிறேன். வெளிர் நிறத்தில் உடுத்துங்க, வலப்பக்கமாக, வண்டியை எதிரே பார்த்தபடி போங்க. கடைசியில் வருபவள் கையில் டார்ச் இருக்க வேண்டும். தெருவிளக்கு எரியாத இடங்களைக் குறித்துக் கொடுத்தால் பேரூராட்சிக்கு மனு எழுதுவோம்.

வருகிற சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு நம் கூட்டமைப்பு அலுவலக முற்றத்தில் நிற்பேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் முன்பு கணக்காளரிடம் கொடுங்க, ரத்தப் பரிசோதனை எடுத்தாச்சா இல்லையா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க. பின்வரிசை மைனி, உங்களுக்க பேரை நான் முதலாவதாக எழுதி வச்சிருக்கேன்.